தவிட்டுக்கு வாங்கிய பெண்

"பிள்ளைகள் ரெண்டு பேரு," என்றார் வேலாயுதம் சார்.

நைனாவின் காரியம் முடிந்த மறுவாரம் அது. தொழிற்சாலையின் நலப்பிரிவு அறையில் ஒரு மர பெஞ்சின் நுனியில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். மின்விசிறிக் காற்றுக்கு நைனாவின் ஃபைல் காகிதங்கள் எழுந்து எழுந்து படுத்தன. வேலாயுதம் சார் அவற்றின்மேல் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்துவிட்டு வாசித்தார்.

"மூத்தவன் ஏழுமலை. அடுத்தது தெய்வானை. தெய்வானைங்கிறது நீதானம்மா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"நான் குப்பம்மாள் சார்."

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். தாளைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். "குப்பம்மாள்னு இதுல யாரும் இல்லியேம்மா. நீ யாரு பிள்ள?"

சென்ற வாரம் நைனாவின் சைக்கிளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் அப்பா உங்கள்மேல் உயிரையே வைத்திருந்தார் போலிருக்கிறது" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். வைத்திருந்தார், அம்மணி. ஆனால் காகிதத்தில் என்னை எங்கேயும் வைக்கவில்லை.

நைனா இருபது வருடத்துக்கும் மேலாக வேலை பார்த்த இடம் அது. வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். வாரிசு ஒருவருக்கு வேலை உண்டு என்றார்கள். வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸில் தொடர்ந்து இருக்கலாம். கிடைக்காவிட்டால் சில மாதங்களில் காலி செய்ய வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயது, எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். அம்மாவுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. ஆனால் ஃபைலில் இருந்த இரண்டு பேரையும் நான் பார்த்ததே கிடையாது. பார்த்துக்கொண்டிருக்கும் என்னை ஃபைலில் காணோம்.

"ஏழுமலை, தெய்வானை உயிரோட இல்லைன்னா இறந்ததுக்குச் சான்று வேணும். நீ முனுசாமி பிள்ளைன்னு சான்று வேணும். வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வா, பாத்துக்கிடலாம்," என்றார் வேலாயுதம் சார்.

யாருடைய இனிஷியல்

என் பள்ளிச் சான்றிதழில் என் பெயர் க. குப்பம்மாள். நைனாவின் பெயர் முனுசாமி. அந்த 'க' வெள்ளானூரில் எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரரான கன்னியப்பனுடையது. தன் பிள்ளைகளைப் பஞ்சாயத்துப் பள்ளியில் சேர்க்கப் போனபோது அவர்தான் என்னையும் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார். அவருடைய மனைவி செங்கேணியம்மா. ஆறு பிள்ளைகள், ஆறும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்.

பிறகு நைனாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து ஆவடிக்கு வந்தோம். அங்கே மதுரை, சேலம், தஞ்சாவூர் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லோருக்கும் அழகழகான பெயர்கள். என் பெயரைக் கேட்டதும் சிரிப்பார்கள். அதோடு இனிஷியலும் மாறியிருந்தால் கேட்கவா வேண்டும்?

அம்மாவிடம் கேட்டால் ஒரே பதில்தான். "உன்ன நான் பெத்தேனா? செங்கேணி அக்காகிட்ட மூணு படி தவுடு குடுத்து வாங்கினேன்."

எல்லா வீட்டிலும் அம்மாக்கள் இப்படிச் சொல்வார்கள்தான். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள், அழும் பிள்ளையை அணைத்துக்கொள்வார்கள். என் அம்மா சிரிக்க மாட்டாள். ஊரிலிருந்து வருகிறவர்கள் "உம் பொண்ணா பவுனு?" என்று கேட்டால், "அக்கா பொண்ணு, நான் வளக்கிறேன்" என்பாள். ஒரு தடவை கூட, தவறிப்போய்க் கூட, "என் பொண்ணு" என்று அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

காய்ச்சல் வந்தால் மற்றப் பிள்ளைகளைத் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். என்னை மட்டும் மார்க்கெட் பக்கத்து டாக்டரிடம் நடத்தியே கூட்டிப்போவாள். அதற்குக் காரணம் ஆஸ்பத்திரிக் கார்டில் என் பெயர் இல்லாததுதான் என்று இந்த ஃபைலைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அம்மாவோடு பேசவில்லை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலே. ஆனால் அன்று இருந்தது கோபம் இல்லை, பயம். ஒருவேளை நான் நிஜமாகவே வாங்கப்பட்டவளோ?

ட்ரங்குப் பெட்டி

வெள்ளானூர் கிராம நிர்வாக அதிகாரி சின்ன வயசுக்காரர். கிராம முன்சீப் பதவியைச் சர்க்கார் ஒழித்தபோது பழைய முன்சீப் ஒப்படைத்துவிட்டுப் போன ஒரு தகர ட்ரங்குப் பெட்டி அவர் அலுவலக மூலையில் கிடந்தது. மேலே ஒரு மண்வெட்டி, ஒரு பிய்ந்த குடை.

"பிறப்பு இறப்பு ஏடெல்லாம் இதுலதான் இருக்கு. எனக்குத் தேட நேரமில்லை. நீயே தேடிக்கோ, கிழிச்சிடாதே," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே கிளம்பிவிட்டார்.

நாலு நாள் தரையில் உட்கார்ந்து தேடினேன். செல்லரித்த காகிதம், கரப்பான் வாடை, நீல மை பழுத்துப் பழுப்பாகிப்போன எழுத்து. முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் நாள் அந்த முன்சீப்பின் கையெழுத்து பழகிவிட்டது. மூன்றாம் நாள் எனக்கு அவரையே தெரிந்ததுபோல ஆகிவிட்டது.

ஏடு படிக்கிறவர்களுக்குத்தான் சில வேடிக்கைகள் கண்ணில் படும். எங்கள் ஊரில் பத்துப் பதினைந்து நாள் யாருமே பிறந்திருக்க மாட்டார்கள். பிறகு ஒரே நாளில் ஏழு பேர் பிறந்திருப்பார்கள். முன்சீப் வீட்டுப் பக்கம் ஏதாவது வேலையாகப் போகும்போது பிறப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வருகிற பழக்கம். சொன்ன நாளே பிறந்த நாள். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் வயசானவர்களுக்கெல்லாம் 'முதுமை', மற்ற எல்லோருக்கும் 'காய்ச்சல்'. கிணற்றில் விழுந்து செத்த ஒருவருக்குக் கூடக் காய்ச்சல் என்றே எழுதியிருந்தார். அவர் செத்த கதை எனக்குத் தெரியும் என்பதால் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த பக்கத்தில் ஏழுமலை இருந்தான்.

'முனுசாமி, பவுனம்மாள். ஆண். ஏழுமலை. வயது மூன்று. காய்ச்சல்.' அதற்கு இரண்டு வரி கீழே, நாலு நாள் தள்ளி, 'முனுசாமி, பவுனம்மாள். பெண். தெய்வானை. வயது ஒன்றரை. காய்ச்சல்.'

நடுவில் இருந்த இரண்டு வரியில் வேறு யாரோ இரண்டு பேர் வீட்டுக் குழந்தைகள். அந்தக் கோடையில் ஊரில் அம்மை விளையாடியிருக்கிறது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு அண்ணனும் ஒரு அக்காவும் இருந்திருக்கிறார்கள். அவர்களை எனக்குத் தெரிந்தது அந்த ஒரு நிமிடம்தான். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

நாலு மாதத்தில் இரண்டு பிரசவம்

இனி என்னைத் தேட வேண்டும். முனுசாமி, பவுனம்மாள் பெயரில் அதற்குப் பிறகு ஒரு பிறப்பும் இல்லை. மூன்று வருடத்துக்குத் தேடினேன்.

கன்னியப்பன் பெயரைத் தேடினேன். கிடைத்தது. மார்ச் மாதம் கன்னியப்பன், செங்கேணி தம்பதிக்கு ஆண் குழந்தை, சேகர். அவன் என்னோடு படித்தவன், ஒரே வகுப்பு. அதே வருடம் ஜூலையில் கன்னியப்பன், செங்கேணி தம்பதிக்குப் பெண் குழந்தை. குப்பம்மாள்.

மார்ச்சில் ஒன்று, ஜூலையில் ஒன்று. விரல் விட்டு எண்ணினேன். முன்சீப் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான்காம் நாள் வேறு மாதிரித் தேடிப் பார்த்தேன். இப்படி அடுத்தடுத்துப் பெற்ற தாய்மார்கள் வேறு யாராவது உண்டா? இருந்தார்கள். ஒருத்தி ஐந்து மாத இடைவெளியில், ஒருத்தி மூன்று மாதத்தில், இன்னொருத்தி ஒரே மாதத்தில் இரண்டு தேதிகளில். அப்படிப் பிறந்த இரண்டாவது பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். குப்பன், பிச்சை, குப்பாயி, பிச்சையம்மாள். ஒரு ராஜா கிடையாது, ஒரு லட்சுமி கிடையாது.

பிறகு இறப்பு ஏட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு குப்பனுக்கும் ஒவ்வொரு பிச்சைக்கும் முந்தின ஒன்றிரண்டு வருடங்களில், அந்தத் தாயின் வீட்டில் அல்ல, அவளுக்கு அடுத்த வீட்டிலோ எதிர் வீட்டிலோ இரண்டு மூன்று குழந்தைகள் வரிசையாகப் போயிருந்தன.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்து ஒன்று பிறந்தால் அதை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிற ஒருத்தி அதை எடுத்துக்கொள்வாள். பெற்றவள் அவளிடம் தவிடு கொடுத்து விலைக்கு வாங்கிக்கொள்வாள். எமன் தேடி வந்தாலும் இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று போய்விடுவான். இந்தச் சடங்கு எங்கும் உண்டு. எங்கள் ஊர்க்காரர்கள் அதோடு நிற்கவில்லை. ஒருவேளை எமன் சர்க்கார் ஏட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று முன்சீப்பிடமும் அதையே சொல்லி எழுதவைத்துவிட்டார்கள். இப்படி ஒரு தப்பை அவர்கள்தான் செய்ய முடியும்.

இதற்குப் பிறகு இந்தப் பழக்கம் என்னைத் தொற்றிக்கொண்டது. தொண்ணூறுகளில் ஓய்வுபெறப் போகிறவர்கள், காகிதம் சரியில்லாதவர்கள் என்று குவார்ட்டர்ஸில் யாருக்குப் பழைய பதிவு தேட வேண்டியிருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். திருநின்றவூர்ப் பக்கம் வரை போய்த் தேடிக்கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் ஏட்டில் ஒரு பிச்சையைப் பார்த்தால் என் கை தானாக இறப்பு ஏட்டின் பக்கம் போகும்.

ஒரே பக்கம்

அந்த நான்காம் நாள் மாலை அம்மா அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏழுமலையையும் தெய்வானையையும் பாத்தேம்மா. ஏட்டுல."

கீரை ஆய்ந்த கை நின்றது. எத்தனையோ வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர்கள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே பக்கத்துலயா கீறாங்க?"

"ஆமாம்மா. ஒரே பக்கம்தான்."

"சரி," என்றாள். "தனித்தனியா இருந்துதுங்களோன்னு நெனச்சிக்கினே இருந்தேன்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் கீரையை எடுத்தாள்.

நைனா ஏன் அந்த இரண்டு பெயர்களையும் ஃபைலில் அடிக்கவில்லை என்று கேட்டேன். "அடிக்கச் சொல்லி ஆபீஸ்ல கேட்டாங்களாம். உங்க நைனாவுக்குக் கை வரல." என்னை ஏன் எழுதவில்லை என்றும் கேட்டேன்.

"அந்தக் காயிதத்துல எழுதுன ரெண்டும் போச்சி. அதே காயிதத்துல உன்னியும் எழுதச் சொல்றியா?"

தாலுகா ஆபீஸில் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அங்கே வந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

விசாரணை

பூந்தமல்லித் தாலுகா ஆபீஸில் வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ. முன்னால் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். நான், அம்மா, செங்கேணியம்மா. நான் எழுதிக்கொண்டு போன பட்டியலை அவர் மேலும் கீழும் பார்த்தார். மார்ச், ஜூலை என்று அவரும் விரல் விட்டு எண்ணினார்.

"ஏம்மா, உனக்கு எத்தனை பிள்ளை?" என்று செங்கேணியம்மாவைக் கேட்டார்.

"பெத்தது ஆறு, ஆறும் கீது சார். இது ஏழாவதா எழுதிக்கினது. பவுனு பெத்தது. நான்தான் தொப்புள்கொடி அறுத்தேன்."

"கவர்மெண்ட் ரிஜிஸ்டர்ல பொய் சொல்லி எழுதலாமா?"

"இன்னா சார் நீ? எமனுக்குத்தான் பொய் சொன்னோம். கெவுருமெண்ட்டுக்கா சொன்னோம்?"

ஆர்.ஐ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இது யாரு பொண்ணு?"

அம்மா என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு வழக்கமான குரலில், ஊர்க்காரர்களிடம் சொல்லுகிற அதே குரலில் சொன்னாள்.

"அக்கா பொண்ணு சார். நான் வளத்தேன்."

ஆர்.ஐ. பேனாவை மூடினார். "பெத்தவளே இல்லேன்னு சொன்னா நான் என்னம்மா எழுதறது?"

எனக்கு வேலை போனது, வீடு போனது என்பதெல்லாம் அந்த நேரத்தில் மனசில் இல்லை. இவ்வளவு தேடி, இத்தனை பேருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியும் இவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவில்லையே என்பதுதான் இருந்தது. "போதும்மா, நல்லா இரு," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இப்போதும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வெளியே ஜன்னலோரம் ஒரு வேப்பமரம். அதன் அடியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது.

"போயிடிச்சா? அது இருக்கிறப்ப சொல்லக்கூடாது சார். அது காதுல வுழக்கூடாது. இப்ப எழுதிக்கோ. என் பொண்ணு சார். நான் பெத்த பொண்ணு. மூணாவது. பத்து மாசம் நான்தான் சொமந்தேன். எனக்கு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். எழுதிக்கோ சார், சுருக்கா எழுதிக்கோ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நான் கேட்டது அவளுக்குத் தெரிந்துவிடும். அதை அவள் உயிரோடு இருந்தவரை நான் சொல்லவே இல்லை.

சான்றிதழ் ஒரு மாதத்தில் வந்தது. அடுத்த வருடம் வேலைக்குச் சேர்ந்தேன். வேலாயுதம் சார் ஃபைலில் ஏழுமலை, தெய்வானை பெயர்களுக்குப் பக்கத்தில் 'இறப்பு' என்று சின்னதாக எழுதினார். அடிக்க வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அவற்றுக்குக் கீழே மூன்றாவதாக என்னை எழுதினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. விசாரணை நடந்த அன்று மத்தியானம் நடந்தது.

ஆவடிப் பேருந்துக்காக மூவரும் குமணன்சாவடிக்கு நடந்தோம். நல்ல வெயில். லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. முக்கில் ஒரு மாட்டுத் தீவனக் கடை இருந்தது. அதைத் தாண்டிப் போன அம்மா நின்றாள், திரும்பிக் கடைக்குள் போனாள். வரும்போது கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

நேரே செங்கேணியம்மாவிடம் போய் அதை நீட்டினாள்.

"இன்னாடி பவுனு இது?"

"தவுடுக்கா. உள்ள நான் வாயத் தொறந்து சொல்லிட்டேன். பழைய வியாபாரம் முறிஞ்சிப் போச்சி. புதுசா குடுக்கிறேன், வாங்கிக்கோ."

செங்கேணியம்மா சிரிக்கப் போனாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ரோட்டோரத்தில், அத்தனை பேர் பார்க்க, முந்தானையை விரித்து இரண்டு கையாலும் பிடித்தாள். அம்மா பொட்டலத்தை அதில் போட்டாள்.

"இட்டுக்கினு போ. நல்லா இருக்கட்டும்," என்றாள் செங்கேணியம்மா.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இருபத்திரண்டு வயசுப் பெண்ணை, சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோலப் பிடித்து ரோட்டைக் கடத்திக் கூட்டிப்போனாள். பேருந்து வர நேரமாகியது. அந்தக் கையை அவள் விடவே இல்லை.